மாடிவீட்டு சிஸ்டர்கள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் எங்கள் தைவான் நாட்களைப் பற்றி எழுதியபோது, மேல் மாடியில் குடியிருந்த மார்மன் ஊழியப் பெண்களைப் பற்றி நாலைந்து வரிதான் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவர்களைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அவர்கள்தான்.

அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக: என் கணவர் சிஞ்சு நகரில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 2015 ஆகஸ்டிலிருந்து 2019 ஜூன் வரை லிஃப்ட் இல்லாத ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இருந்தோம். நாலாவது மாடி அவர்களுடையது. ஆட்கள் மாறுவார்கள், வீடு மாறாது. நாலு வருடத்தில் பதினைந்து பேரையாவது பார்த்திருப்பேன். அவர்களில் இரண்டு பேர் எனக்கு ரொம்ப நெருக்கம். பெயரை எழுதுவது முறையில்லை. அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்திலிருந்து வந்தவளை இடாஹோக்காரி என்றும், பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து வந்தவளை டோங்காக்காரி என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

மார்மன் என்றால் யார்? இவர்கள் எதற்காக ஊர் ஊராகப் போகிறார்கள்?
– வாசகி, திண்டுக்கல்

1830ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை. தலைமையிடம் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி. பைபிளோடு மார்மன் புத்தகம் என்ற இன்னொரு நூலையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். அதனால் வந்த பெயர்தான் மார்மன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே சரியான பெயர். மார்மன் என்று சொல்வதை விட்டுவிடும்படி 2018ல் சபைத் தலைவர் கேட்டுக்கொண்டார். நம் வாசகர்களுக்குத் தெரிந்த சொல் அதுதான் என்பதால் இங்கே அப்படி எழுதுகிறேன்.

பையன்கள் 18 வயதுக்கு மேல் 24 மாதம், பெண்கள் 18 மாதம், தங்கள் மதத்தைப் பற்றி ஊர் ஊராகச் சொல்கிற ஊழியத்துக்குப் போகிறார்கள். நான் பார்த்த காலத்தில் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயது 19. அதற்கு முன் 21 ஆக இருந்தது, 2012ல் குறைத்தார்கள். எந்த ஊர் வேண்டும் என்று கேட்க முடியாது. விண்ணப்பம் போட்டால் இன்ன நாடு, இன்ன மொழி என்று ஓலை வரும். சம்பளம் கிடையாது. பையனை 'எல்டர்' என்றும் பெண்ணை 'சிஸ்டர்' என்றும்தான் கூப்பிட வேண்டும். முதல் பெயரைப் பயன்படுத்துவதே இல்லை. இடாஹோக்காரியின் முதல் பெயர் என்னவென்றே அவள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருக்கும்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

காலை 6:30க்கு எங்கள் கூரைக்கு மேலே அலாரம் அடிக்கும். அடுத்த அரை மணி நேரம் உடற்பயிற்சி. அவர்கள் குதிக்கக் குதிக்க எங்கள் கூடத்தின் ட்யூப்லைட் அதிரும். அந்தச் சத்தத்தில்தான் என் மகள் எழுந்து பள்ளிக்குக் கிளம்புவாள். அப்புறம் குளியல், சாப்பாடு. எட்டு மணிக்கு மேல் சத்தமே இருக்காது, படிப்பு நேரம். ஒரு மணி நேரம் தனியாக, ஒரு மணி நேரம் ஜோடியாக, பிறகு சீன மொழி. பத்து, பதினொரு மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார்கள். மறுநாளைக்குத் திட்டம் போட்டுவிட்டு 10:30க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். 2017 ஜனவரியில் இந்த நேரங்களைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் எழுவதும் படுப்பதும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

டிவி, சினிமா, கதைப் புத்தகம், சினிமாப் பாட்டு எதுவும் கிடையாது. நீச்சல் கூடாது. காதல், அதை நினைக்கவே கூடாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, காய்கறி வாங்க, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுத விடுவார்கள். எங்கள் ஊரில் அது திங்கட்கிழமை. அன்றைக்கும் மாலை ஆறு மணி வரைதான். ஆறுக்கு மேல் திரும்ப வேலை.

நான் அவர்களை முதலில் பார்த்ததும் ஒரு திங்கள் இரவுதான். தைவானில் குப்பையைத் தெருவில் வைக்க முடியாது. பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வண்டி வரும், நாமே ஓடிப்போய்ப் போட வேண்டும். தெருவே பையோடு நிற்கும். எனக்கு அப்போது சீனத்தில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. கணவர் வரப் பத்து மணியாகும். வந்து மூன்று வாரத்தில் மகளைத் தவிர வேறு யாரிடமும் பேசியிருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பாவாடையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் வந்து, பை கனமாக இருக்கிறதா, பிடிக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். குப்பைப் பைதான். ஆனாலும் அன்று இரவு எனக்கு அழுகை வந்துவிட்டது.

முன்பின் தெரியாதவர்களிடம் போய் மதத்தைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? திட்ட மாட்டார்களா?
– வாசகர், ஈரோடு

திட்டுகிறவர்கள் அங்கே குறைவு. முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கையை ஆட்டி, நேரமில்லை என்பார்கள். ஒரு நாளைக்கு அதை நாற்பது, ஐம்பது தடவை கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குவாங்ஃபூ சாலையில் பல்கலைக்கழக வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சிக்னல். தைவானில் சிவப்பு விளக்கு விழுந்தால் முன்வரிசையில் முப்பது, நாற்பது ஸ்கூட்டர்கள் நிற்கும். எத்தனை விநாடி பாக்கி என்று எண் ஓடிக்கொண்டிருக்கும். அந்த விநாடிகள்தான் இவர்களுக்கு வேலை நேரம். நான் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு வர நடைபாதையில் நிற்கிறேன். இடாஹோக்காரி சைக்கிளை ஒரு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். எண் 72. வணக்கம், இன்று காற்று அதிகம் இல்லையா என்று தொடங்கினாள். அந்தப் பெண் ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டாள். எண் 60. இந்தப் பக்கம் திரும்பினாள். ஒரு வயதான மனிதர், முன்னால் கீரைக்கட்டு. அவர் சிரித்தார். எந்த நாடு, சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. வேகவேகமாகப் பேசிக்கொண்டே பையிலிருந்து முகவரி அச்சிட்ட அட்டையை எடுத்தாள். 5, 4, 3. அவர் கை நீட்டுவதற்குள் பின்னால் ஹாரன். பச்சை விழுந்து நாற்பது ஸ்கூட்டரும் போய்விட்டன. அட்டை அவள் கையிலேயே இருந்தது. அவள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். புகையாகவும் இருக்கலாம். சைக்கிளை மிதித்து அடுத்த சிக்னலுக்குப் போனாள். அங்கே எண் 80லிருந்து தொடங்கியது.

அன்று ராத்திரி படியில் பார்த்தபோது, வலிக்காதா என்று கேட்டேன். "முதல் மூன்று மாதம் வலித்தது அக்கா. அப்புறம், அவர்கள் வேண்டாம் என்று சொல்வது என்னை இல்லை என்று பழகிக்கொண்டேன். சில நாள் மட்டும் மறந்துவிடும்" என்றாள். 20 வயதுப் பெண்.

இதைப் படித்த பிறகு உங்கள் வாசலுக்கு யாராவது எதையாவது சொல்லவோ விற்கவோ வந்தால், வேண்டாம் என்றே சொல்லுங்கள், தப்பே இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வெயிலாக இருந்தால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.

டீ, காபி குடிக்க மாட்டார்களாமே? வீட்டுக்கு வந்தால் என்ன கொடுப்பீர்கள்?
– வாசகி, கும்பகோணம்

கும்பகோணத்திலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்! டீ, காபி, மது, புகையிலை நான்கும் அவர்களுக்குக் கிடையாது. 1833ல் அறிவுரையாக வந்து, பின்னாளில் விதியானது. தைவானோ தெருவுக்கு நாலு டீக்கடை உள்ள நாடு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் டீ ஊற்றுவார்கள். அங்கே டீயை மறுப்பது நம் வீட்டில் தண்ணீரை மறுப்பது மாதிரி. அவர்களுக்குக் கைகொடுத்தது பூசணிக்காய். வெண்பூசணியைச் சர்க்கரைப்பாகில் காய்ச்சி ஒரு பானம் விற்கிறார்கள். பெயரில் டீ உண்டு, உள்ளே தேயிலை இல்லை. கோடையில் அதுதான் எல்லா சிஸ்டர்கள் கையிலும் இருக்கும்.

முதல் தடவை வந்தபோது நான் ஃபில்டர் காபி போட்டு வைத்துவிட்டேன். இரண்டு பேரும் டம்ளரைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். மனம் நோகக்கூடாதே என்று அவர்கள் தவித்தது எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. அன்றிலிருந்து அவர்களுக்குச் சுக்குமல்லி. நான் திருச்செந்தூர்ப் பக்கம். உடன்குடிக் கருப்பட்டி ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது தீர்ந்தபோது தைவானின் கறுப்பு வெல்லக்கட்டியைப் போட்டேன், கிட்டத்தட்ட அதே வாசனை.

சாப்பாடு என்றால், சிஞ்சு அரிசி நூடுல்ஸுக்குப் பேர்போன ஊர். அங்கே அடிக்கிற காற்றில்தான் அதைக் காய வைக்கிறார்கள். நம் சேவையேதான் அது. எலுமிச்சை பிழிந்து, கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம் தாளித்துக் கொடுத்தால் டோங்காக்காரி மூன்று தட்டு சாப்பிடுவாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம். இரண்டு வேளை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. மிச்சமான சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்கு. நான் கிருத்திகை விரதம் இருக்கிறவள். ஒரு தடவை இரண்டும் ஒரே நாளில் வந்தது. சாயங்காலம் மூன்று பேரும் என் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பால்பாயசத்தில் விரதம் முடித்தோம். அவர்கள் அவர்கள் ஜெபத்தைச் சொன்னார்கள், நான் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டேன்.

எப்போதும் ஜோடியாகவே இருக்க வேண்டுமாமே, ஒத்துப்போகாவிட்டால்?
– வாசகி, நாகர்கோவில்

ஒத்துப்போகத்தான் வேண்டும். கம்பேனியன் என்பார்கள். கண் பார்வையை விட்டு, காது கேட்கிற தூரத்தை விட்டு விலகக்கூடாது. ஒரே அறையில் இரண்டு கட்டில். தனிமை என்றால் குளியலறை மட்டும். யாரோடு இருப்பது என்பதும் நம் கையில் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றல் பட்டியல் வரும். சில சமயம் ஆறு மாதம் ஒரே ஆளோடு. பாதுகாப்பும் ஒரு காரணம். என் கணவர் மட்டும் வீட்டில் இருந்தால் அவர்கள் வாசற்படி தாண்ட மாட்டார்கள். நான் கடைக்குப் போயிருந்த நாளில் படியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதே மாதிரி எல்டர் பையன்கள் நான் தனியாக இருக்கும்போது வந்ததே இல்லை.

2017 அக்டோபரில் இடாஹோக்காரியும் டோங்காக்காரியும் ஜோடி சேர்ந்தபோது முதல் மாதம் மேலே சத்தமே இல்லை. பேச்சுவார்த்தை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்திக்கு எதுவும் நிமிடக் கணக்கில் நடக்க வேண்டும். இன்னொருத்தி வாய் ஓயாமல் பாடுகிறவள், வழியில் பார்க்கிற ஒவ்வொரு கிழவியிடமும் நின்று பேசுகிறவள். வாரத்துக்கு ஒரு தடவை எதிரெதிரே உட்கார்ந்து மனக்குறையைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் முறை. ஒரு வாரம் அதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தார்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன், ஆனால் அடுப்படிக்குக் கதவு இல்லை. "நீ அலாரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிற பார்வை எனக்கு அம்மாவை ஞாபகப்படுத்துகிறது" என்றாள் டோங்காக்காரி. "நல்ல அம்மாவா, கெட்ட அம்மாவா?" "கோபமான அம்மா." கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு இடாஹோக்காரி, "நீ பாடும்போது நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பது பிடிக்காததால் இல்லை. எனக்குப் பாட வராது" என்றாள். மறுநாள் காலையிலிருந்து மேலே பாட்டுச் சத்தம் கேட்டது.

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது எனக்கு. அப்படி ஒரு நாள்கூட நானும் என் கணவரும் உட்கார்ந்து பேசியதில்லை. அன்றைக்கு ராத்திரி பேசினோம்.

செலவுக்குப் பணம் யார் தருகிறார்கள்?
– வாசகர், சிவகாசி

அவரவர் குடும்பம். அப்போது மாதம் 400 டாலர். 2020 ஜூலையிலிருந்து 500 ஆக்கினார்கள். ஜப்பானுக்குப் போனாலும் பெருவுக்குப் போனாலும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இதே தொகைதான். எல்லாப் பணமும் ஒரே நிதியில் சேர்ந்து, அந்தந்த ஊர் விலைவாசிக்குத் தகுந்தபடி சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் படியாக வரும். மாதக் கடைசியில் முட்டைக்கோஸும் முட்டையும்தான் என்பது அவர்கள் வீட்டு வாசனையிலேயே தெரியும்.

இடாஹோ உருளைக்கிழங்கு விளைகிற மாநிலம். அவள் ஊரில் அறுவடைக்காகவே பள்ளிக்கு இரண்டு வாரம் லீவு விடுவார்களாம். இயந்திரத்தின் ஓடும் பட்டையில் வருகிற கிழங்குக்கு நடுவிலிருந்து கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கிப் போடுவது பிள்ளைகள் வேலை. அப்படி நாலு வருடம் சேர்த்த பணத்தில் வந்தவள் அவள். டோங்காக்காரியின் அம்மா பாய் முடைந்து விற்றாராம். நான் பத்தமடைப் பாயை எடுத்துக் காட்டினேன். மடியில் போட்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மீதிப் பணத்தை அவள் ஊர்ச் சபையும் பொது நிதியும் கொடுத்தன.

பதினெட்டு மாதம் வீட்டை விட்டு இருக்கிறார்களே, பெற்றவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? போனில் பேசலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

இப்போது வாரா வாரம் பேசலாம். 2019 பிப்ரவரியில்தான் அந்த அனுமதி வந்தது. அதற்கு முன் வாரம் ஒரு மின்னஞ்சல். குரல் கேட்பது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்.

2017 கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை. தைவானில் அப்போது அது விடுமுறை இல்லை, கணவர் ஆய்வகம் போய்விட்டார். காலை ஒன்பது மணிக்கு இருவரும் என் மடிக்கணினியில் ஸ்கைப் பேச வந்தார்கள். இடாஹோவில் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணி. இணைப்பு கிடைத்ததும் திரையில் ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. அவளுடைய அம்மா ஒன்றுமே பேசவில்லை. திரைக்கு மிக அருகில் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முதல் வார்த்தையாக, "முடியை யார் வெட்டினார்கள்?" என்றார். நான்தான் வெட்டியிருந்தேன். என்னைத் திரைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள். அந்த அம்மா என்னைப் பார்த்து நன்றி சொல்லவில்லை, "அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளா?" என்று கேட்டார். என் அம்மா போனில் என் கணவரிடம் கேட்கிற அதே கேள்வி.

ஜனவரியில் மாற்றல் வந்து இடாஹோக்காரி கிழக்குக் கரையில் ஹுவாலியனுக்குப் போனாள். 2018 பிப்ரவரி 6 நள்ளிரவை ஒட்டி அங்கேதான் நிலநடுக்கம். 17 பேர் இறந்தார்கள். காலையில் டிவியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற கட்டடத்தைப் பார்த்ததும் எனக்கு மேல் மாடிக்கு ஏறக் கால் வரவில்லை. டோங்காக்காரியே இறங்கி வந்தாள். "எல்லாரும் பத்திரம், அவளும் பத்திரம், அவள் வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தவள்தான்.

சீன மொழியை எப்படிக் கற்கிறார்கள்?
– ஆசிரியர், விருதுநகர்

யூட்டாவில் புரோவோ என்ற ஊரில் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. சீனம் போன்ற மொழிக்கு ஒன்பது வாரம். போன சில நாளிலேயே அந்த மொழியில் பாடம் சொல்லிக்காட்டச் சொல்வார்களாம். ஆனால் சிஞ்சுவில் வந்து இறங்கினால் பாதிக் கிழவிகள் பேசுவது ஹொக்கியன், இல்லாவிட்டால் ஹக்கா. கற்ற மொழி தெருமுனை வரைகூட வராது.

சீனத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் குரல் ஏறி இறங்குகிற சுரம் உண்டு. அது தப்பினால் பொருள் மாறிவிடும். நாம் 'பள்ளிக்குப் போனேன்' என்பதைப் 'பல்லிக்குப் போனேன்' என்றால் எப்படி, அப்படி. டோங்காக்காரிக்குக் கொழுக்கட்டை மாதிரி அங்கே செய்கிற பண்டம் பிடிக்கும். அதைச் சொல்லப் போய் 'எனக்குத் தூக்கம் பிடிக்கும்' என்பாள். எங்கள் மகளுக்கு ஐந்து வயது, அங்கே பாலர் பள்ளியில் படித்தாள். "இல்ல சிஸ்டர், இப்படி" என்று ஒற்றை விரலால் காற்றில் கோடு இழுத்துக் காட்டுவாள். அந்தப் பெரிய உருவம் தரையில் மண்டிபோட்டு அந்த விரலையே பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லும். சரியாக வந்த அன்று மகளைத் தூக்கிச் சுற்றினாள்.

பாவாடையோடு சைக்கிளா?
– வாசகி, காரைக்குடி

ஆமாம், அதுவும் காற்றுக்கே பேர்போன ஊரில். ஒரு நாள் மாடிப்படியில் இடாஹோக்காரி பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றாள். என் தாலிச் சங்கிலியில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். கழற்றி, புடவை மடிப்புக்குக் குத்துகிற மாதிரி உள்பக்கமாகப் பாவாடையை நடுவில் சேர்த்துக் குத்திவிட்டேன். ஏறி மிதித்துப் பார்த்தாள், அசையவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஊரில் இருந்த மற்ற சிஸ்டர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். 2018 டிசம்பரில்தான் பேண்ட் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதற்குள் அவள் ஊர் திரும்பியிருந்தாள்.

இவர்களுக்குப் பல மனைவி வழக்கம் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது. 1890ல் விட்டுவிட்டதாக அறிவித்தார்கள். இன்று அப்படிச் செய்கிறவர்களைச் சபையை விட்டே நீக்கிவிடுகிறார்கள்.

உங்களை மதம் மாற்ற முயன்றார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகர், தென்காசி

முயன்றார்கள். அதற்காகத்தானே கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். ஊரில் என் அத்தை ரொம்பப் பயந்து, அவர்களை வீட்டுக்குள் விடாதே என்று போனில் சொன்னார்கள். அத்தையின் பயம் எனக்கும் புரியும். நான் இரண்டு தடவை அவர்கள் பாடத்தைக் கேட்டேன், புத்தகத்தையும் வாங்கிக் கொஞ்சம் படித்தேன். மூன்றாவது தடவை, பூஜை அலமாரியைத் திறந்து முருகனைக் காட்டி, எனக்கு இவர் போதும் என்று நேராகச் சொல்லிவிட்டேன். இடாஹோக்காரியின் முகம் வாடியது. மறைக்கவில்லை அவள். "சரி அக்கா. இனிமேலும் நாங்கள் வரலாமா?" என்றாள். வரலாம் என்றேன். வந்தார்கள். காசு, பொருள், வேலை என்று எதையும் ஒருநாளும் காட்டியதில்லை. மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவில், ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டுவிட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் பண்ணினார்கள்.

அவர்கள் நம்புவதை நான் நம்பவில்லை. ஆனால் தான் நம்புவதற்காக இருபது வயதில் ஒன்றரை வருடத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வயதில் எனக்கு அது தெரியாது.

நம் ஊருக்கு இவர்கள் வந்ததுண்டா?
– வரலாற்று மாணவர், சென்னை

உண்டு, அதுவும் முன்காலத்திலேயே. ரிச்சர்ட் பாலன்டைன் என்பவரும் இன்னும் சிலரும் 1852ல் சால்ட் லேக்கிலிருந்து கிளம்பி, கப்பலில் கல்கத்தா வழியாக 1853ல் மதராஸ் வந்தார்கள். கையில் காசில்லாமல் போக வேண்டும் என்பது அன்றைய முறை. அவர் மதராஸில் ஒரு மாத இதழ்கூட அச்சிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை, 1854ல் திரும்பிவிட்டார். நம் காலத்தில் 1993ல் பெங்களூரில் மிஷன் தொடங்கியது.

நடுவில் முடியாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டா?
– மனநல ஆலோசகர், கோவை

உண்டு. 2016ல் வந்த ஒரு பெண். வந்து நாலு மாதம். முதலில் சாப்பாடு நின்றது, பிறகு தூக்கம். படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க முடியாமல் இருப்பாள், கம்பேனியன் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருப்பாள். தைபேயில் மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. கிளம்புகிற அன்று அவள் பயந்தது நோயை நினைத்து இல்லை. விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாக வரவேற்கிற ஊர் அது. பாதியில் வருகிறவளை எப்படிப் பார்ப்பார்கள் என்றுதான். நான் அவள் பெட்டியைக் கீழே வரை இறக்கிக் கொடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் மாமா மகன் சென்னையில் இன்ஜினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததையும், இப்போது ஊரில் நல்ல மரத்தச்சராக இருப்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். இரண்டு வருடம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். கடைசி வரியில், உங்கள் தச்சர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாள்.

நீங்கள் சொன்ன சுக்குமல்லியை எப்படிச் செய்வது?
– வாசகி, சேலம்

மல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் நாலு. மல்லியை மட்டும் வாசனை வரும் வரை வெறும் சட்டியில் வறுங்கள், கருக விடாதீர்கள். சுக்கைத் தட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, நெல்லிக்காய் அளவு கருப்பட்டி. முக்கால் டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டுங்கள். பால் வேண்டாம்.

போன குளிர்காலத்தில் இடாஹோவுக்கு எழுதி அனுப்பிய அளவும் இதுதான். கருப்பட்டிக்கு என்ன செய்வது என்று பதில் கேட்டிருக்கிறாள். அரைக் கிலோ பார்சல் கட்டி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை தபாலில் போட வேண்டும்.